அலங்காரமில்லாத ஃபிளமென்கோ கிட்டார் செய்வதென்றால்: சைப்ரஸா ஈட்டியா, பிரடையா மெஷின் ஹெட்டா?

ஸ்பெயினின் ஃபிளமென்கோ இசைக்கான கிட்டார் ஒன்றைச் சொந்தக் கையால் செய்ய நினைப்பவர் முதலில் கேட்பது மரத்தைப் பற்றித்தான். பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் சைப்ரஸ் வாங்கட்டுமா, ஈட்டி (ரோஸ்வுட்) வாங்கட்டுமா? அடுத்தது, கிட்டாரின் தலையில் தந்தியை முறுக்கும் மர முளையான பிரடை வைப்பதா, பற்சக்கரம் உள்ள மெஷின் ஹெட் வைப்பதா. அப்புறம் பாலிஷ். கிட்டாரின் எடை, ஓசை, செலவு, பட்டறையில் கழியும் நாட்கள் எல்லாமே பெரும்பாலும் இந்த மூன்று முடிவுகளில் அடங்கிவிடும். நான் எளிமையின் பக்கம் நிற்பவன். ஆனால் எளிமை என்ற பெயரில் எதை விடலாம், எதை விடவே கூடாது என்பதில் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். அழகுக்காக ஒட்டியதுபோலத் தெரியும் சில பாகங்கள் உண்மையில் வேலை செய்கின்றன. அவசியம்போலத் தெரியும் சில பாகங்கள் வெறும் கண்ணுக்குத்தான்.

மரத்துக்குப் போகும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். கையில் இருக்கும் கிளாசிக்கல் கிட்டாரின் சேடிலை (பிரிட்ஜின் மேல் தந்தி அமரும் சிறு பட்டையை) இழைத்துத் தந்தியைத் தாழ்த்தினால் அது ஃபிளமென்கோ ஆகிவிடாதா? ஆகாது. கிளாசிக்கல் கிட்டாரில் பிரிட்ஜுக்குப் (மேல்பலகையில் தந்திகளைக் கட்டும் கட்டைக்குப்) பக்கத்தில் தந்தி மேல்பலகையிலிருந்து ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமீட்டர் உயரத்தில் ஓடும். ஃபிளமென்கோவில் 7, 8 மில்லிமீட்டர்தான். வாசிப்பவரின் வலது கை பலகையை ஒட்டியே இருக்க வேண்டும். தந்தியை மீட்டும் அதே வேகத்தில் மோதிர விரல் பலகையைத் தட்ட வேண்டும். இந்த உயரத்தைக் கழுத்து இணையும் கோணமும், ஃபிங்கர் போர்டின் கனமும், மேல்பலகையின் மெல்லிய குவிவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கழுத்தை ஒட்டிய நாளிலேயே அது முடிவாகிவிடும். பிறகு சேடிலை மட்டும் இழைத்தால், தந்தி அதன்மேல் அழுந்தி உட்காராமல் ஓசை சோர்ந்துபோகும்.

தாழ்ந்த பிரிட்ஜில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுவிசை கொடுக்கின்றன. பிரிட்ஜைப் புரட்டப் பார்க்கும் விசை, இந்த இழுவையும் தந்தியின் உயரமும் பெருக்கி வருவது. 11 மில்லிமீட்டரை 8 ஆக்கினால் அந்த விசை கால் பங்குக்கு மேல் குறைகிறது. அதனால் மேல்பலகையை மெல்லியதாக இழைக்கலாம், உள்ளே அதைத் தாங்க விசிறிபோல் விரித்து ஒட்டும் பட்டைகளையும் லேசாக்கலாம். ஃபிளமென்கோ கிட்டார் தட்டியதும் வெடிப்பதுபோலப் பேசுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, மரம். ஸ்பெயினில் 19ஆம் நூற்றாண்டில் சைப்ரஸ் உள்ளூர் மரம். கல்லறைத் தோட்டத்திலும் பண்ணை வேலியோரத்திலும் வளர்வது, விலை குறைவு. ஈட்டி வகை மரங்கள் கப்பலில் வர வேண்டியிருந்தன. அதனால் பணமுள்ளவருக்கு ஈட்டி, இல்லாதவருக்கு சைப்ரஸ் என்று இருந்தது. இன்றைய ஸ்பானிய கிட்டாரின் வடிவத்தைக் கொடுத்தவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அல்மேரியாக்காரர் அந்தோனியோ தெ டோரஸ் (1817–1892) இரண்டிலும் செய்திருக்கிறார். அவர் காலத்தில் ஃபிளமென்கோ கிட்டார், கிளாசிக்கல் கிட்டார் என்ற தெளிவான பிரிவே இல்லை. காஃபே மேடைகளில் பாடகர், ஆட்டக்காரரின் கால் தட்டல், கைத்தாளம் எல்லாவற்றுக்கும் நடுவே கேட்கும்படி வாசிக்க வேண்டிய கிட்டார்காரர்கள் பெரும்பாலும் ஏழைகள். அவர்கள் கையில் இருந்தது மலிவான சைப்ரஸ். அந்த லேசான, வறண்ட, சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும் ஓசை அந்த இசையோடு ஒட்டிக்கொண்டது. மாட்ரிட்டில் மனுவேல் ராமிரெஸின் பட்டறையிலிருந்து வந்த சாந்தோஸ் எர்னாந்தெஸ், தொமிங்கோ எஸ்தெசோ போன்றவர்கள் அந்த மலிவு மரத்தையே முதல்தரக் கருவியாக்கினார்கள்.

வெளிர்மஞ்சள் சைப்ரஸில் செய்தது பிளாங்கா. கருமையான ஈட்டியில் செய்தது நெக்ரா. பிளாங்காவில் ரஸ்கெயாதோ (விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக விரித்துத் தந்திகளை அடிப்பது) வாசிக்கும்போது ஒவ்வொரு விரலின் அடியும் தனித்தனியாகக் கேட்கும், ஏனென்றால் முந்தைய அடியின் ஓசை சட்டென்று தணிந்துவிடுகிறது. நெக்ராவில் ஓசை நீளும், கீழ்ச்சுரங்களில் கனம் கூடும், பெரிய அரங்கில் தனிக்கச்சேரிக்கு அது எடுபடும். ஃபிளமென்கோ மேதை பாக்கோ தெ லூசியா, மாட்ரிட்டின் கொந்தே பட்டறையின் ஈட்டி கிட்டார்களில் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு நெக்ராவின் ஓசைதான் ஃபிளமென்கோவின் ஓசை. அவர்களைக் குறை சொல்ல முடியாது; அந்த வாசிப்புக்கு அந்த மரம் பொருந்தியிருக்கிறது.

ஆனால் செய்பவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். சைப்ரஸ் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 500 கிலோ. ஈட்டி 800ஐத் தாண்டும். ஈட்டியில் கண்ணுக்குத் தெரியும் துளைகள் இருப்பதால், பாலிஷ் போடுமுன் பியூமிஸ் பொடி வைத்துத் தேய்த்துத் தேய்த்து அவற்றை அடைக்க வேண்டும். அந்த ஒரு வேலையே நாட்களை விழுங்கும். சைப்ரஸில் துளை மிக நுண்ணியது, அடைக்கும் வேலையே இல்லை. ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் கொண்டுவரும். சைப்ரஸை இழைக்கும்போது பட்டறை முழுக்கப் பிசின் கலந்த நல்ல வாசம் பரவும். எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்: சைப்ரஸ் மென்மையானது, நகம் பட்டாலே பதியும். கணு இருந்தால் இடுப்பு வளைவில், சூடான குழாயில் வைத்து வளைக்கும்போதே பிளந்துவிடும். கணுவில்லாத, ரேகை நேராக ஓடும் பலகை கிடைப்பதுதான் இதில் உண்மையான சிரமம்.

சட்டமும் ஒரு கணக்கு. பிரேசில் ஈட்டி 1992 முதல், அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அதை நினைக்கவே வேண்டாம். 2017 ஜனவரியில் மற்ற ஈட்டி இனங்களும் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஆனால் வெறும் பலகையாக எல்லை தாண்டினால் இன்னும் அனுமதித் தாள் வேண்டும். ஸ்பானியப் பட்டறைகளில் பிரேசில் மரத்துக்குப் பதிலாக உட்கார்ந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிதான், தோதகத்தி என்றும் சொல்வோமே, அதே மரம். அது இங்கேயே வளர்கிறது என்பதால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். வெட்டவும் ஏற்றிச்செல்லவும் என்ன அனுமதி வேண்டும் என்று முதலில் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

எனவே முதல் கிட்டாருக்கும், எளிமையை விரும்பிச் செய்யும் எந்தக் கிட்டாருக்கும் என் தேர்வு சைப்ரஸ். நல்ல சைப்ரஸ் கிடைக்காவிட்டால் ஈட்டிக்குத் தாவுவதைவிட, வெளிர்நிற மேப்பிள் அல்லது அலாஸ்கா மஞ்சள் சைப்ரஸ் எடுப்பது மேல். ஓசை பிளாங்காவின் பக்கமே நிற்கும். பின்பலகைக்கு ஏன் இத்தனை தவிப்பு என்று தோன்றினால், டோரஸ் 1862இல் செய்த கிட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கங்களும் பின்பகுதியும் காகித அட்டை. ஓசை பிறப்பது மேல்பலகையில் என்பதைக் காட்டச் செய்தது அது, இன்று பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்பலகை ஓசைக்கு நிறம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் கையிருப்புப் பணத்தில் பெரும்பங்கு போக வேண்டியது மேல்பலகைக்கு.

மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸா, சீடர் (cedar) மரமா? ஸ்ப்ரூஸ். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வெஸ்டர்ன் ரெட் சீடரை 1960களில் மாட்ரிட்டில் கிட்டார் செய்த மூன்றாம் ஹோசே ராமிரெஸ் கிளாசிக்கல் கிட்டாருக்குள் கொண்டுவந்தார், அதன் இனிமையான, வட்டமான ஓசைக்கு அங்கே பெரிய இடம் உண்டு. ஃபிளமென்கோவுக்கு வேண்டியது கூர்மை. மேலும் சீடர் மிக மென்மையானது. தட்டல் விழும் இடத்தில் குழிந்துபோகும். ஸ்ப்ரூஸை நடுவில் 2 மில்லிமீட்டர் அளவுக்கு இழைத்து, ஓரங்களில் இன்னும் சற்றுக் குறைத்தால் போதும்.

இப்போது தலை. நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். பழைய பிளாங்காக்களில் மரப் பிரடைகள் இருக்கும், தலையின் பின்னாலிருந்து செருகியவை. வீணையிலோ வயலினிலோ பிரடை திருகிப் பழகியவருக்கு இது புதிதில்லை. ஒரு செட் மெஷின் ஹெட் ஏறக்குறைய 200 கிராம். கருங்காலிப் பிரடைகள் ஆறும் சேர்ந்து அதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். மொத்தமே ஒன்றேகால் கிலோவுக்குள் இருக்கும் கருவியில், அதுவும் கழுத்தின் நுனியில், இந்த வித்தியாசம் பெரிது. பழைய ஃபிளமென்கோ அமர்வில் கிட்டாரின் அடிவளைவை வலது தொடையில் நிறுத்தி, கழுத்தை மேலே தூக்கி வைத்து வாசிப்பார்கள். தலை கனத்தால் இடது கை சுரத்தைப் பிடிப்பதோடு கழுத்தையும் தாங்க வேண்டியிருக்கும்.

செய்யும் வேலையும் பிரடையில் குறைவு. மெஷின் ஹெட்டுக்குத் தலையில் இரண்டு நீள வாய்கள் வெட்டி, பக்கவாட்டில் ஆறு துளைகளைத் துல்லியமான இடைவெளியில் போட வேண்டும். ஒன்று அரை மில்லிமீட்டர் விலகினாலும் தந்தி சுற்றும் உருளை இறுகும். பிரடைக்கு ஆறு துளைகள்தான். ஆனால் அந்த ஆறையும் பொறுமையாகச் சரிவாக்க வேண்டும். வயலினில் வழக்கமான 1:30 சரிவுள்ள ரீமரை (துளையைச் சீவிச் சரிவாக்கும் கருவியை) விட்டு ஒரு சுற்று, பிரடையைச் செருகி ஒரு சுற்று, வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். பிரடையில் இரண்டு பளபளப்பான வளையங்கள் தெரியும், தலையின் முன்பக்கத்தில் உரசிய இடம் ஒன்று, பின்பக்கத்தில் உரசிய இடம் ஒன்று. இரண்டும் ஒரே அளவு மின்னினால் சரிவு பொருந்திவிட்டது. ஒன்று மட்டும் மின்னினால் பிரடை ஒரு முனையில் தொங்குகிறது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டால் சுருதி நிற்கவே நிற்காது, வாசிப்பவர் பிரடையைத் திட்டுவார். திட்டு வாங்க வேண்டியது ரீமரைப் பிடித்த கை.

பிரடைக்கு எதிரான வாதம் வலுவானது. மெஷின் ஹெட்டில் 14 அல்லது 16 சுற்றுக்கு ஒரு சுற்று உருளை நகரும்; பிரடையில் ஒன்றுக்கு ஒன்று. சின்ன அசைவுக்குச் சுருதி நிறைய ஓடிவிடும். மழைக்காலத்தில் பிரடை ஊதி இறுகும், வறண்ட காற்றில் வழுக்கும். கச்சேரியின் நடுவே சுருதி மாற்றுகிறவருக்கு இது தொல்லை. உள்ளே சிறு பற்சக்கரங்களை ஒளித்து வைத்த, வெளியே பார்க்கப் பிரடைபோலவே இருக்கும் நவீன வகையும் கிடைக்கிறது. எடை குறைவு, சுருதியும் நுணுக்கமாக நகரும், விலைதான் கூடுதல். கிட்டாரை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ செய்கிறீர்கள் என்றால், வாங்குபவர் பிரடை பழகியவரா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பழகாதவருக்கு அலங்காரமில்லாத லேசான மெஷின் ஹெட், அல்லது பற்சக்கரப் பிரடை. உங்களுக்கே செய்கிறீர்கள் என்றால் மரப் பிரடை. இசையைப் பொறுத்தவரை அது தரும் சமநிலையை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சேர்க்கும் முறையில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. வெளி அச்சு ஒன்று செய்து பக்கப் பலகைகளை அதற்குள் அடக்கி வேலை செய்வது, ஒரே மாதிரி பல கிட்டார் செய்யும் பட்டறைக்குப் பொருந்தும். ஒன்றிரண்டு செய்பவருக்கு ஸ்பானிய வழியான சோலேரா போதும்: நடுவில் மிக லேசாகக் குழித்த ஒரு தடித்த பலகை. மேல்பலகையைக் குப்புற வைத்து, கழுத்தை அதோடு ஒட்டி, கழுத்தின் அடியில் வெட்டிய பிளவில் பக்கங்களைச் செருகி மேலே கட்டிக்கொண்டு போவது. பக்கமும் மேல்பலகையும் சேரும் மூலையில் நீளப் பட்டை ஒட்டுவதில்லை. விரல் நகம் அளவு மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போக வேண்டும். சூடான வஜ்ஜிரத்தில் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசையில்) துண்டைத் தொட்டு, மூலையில் வைத்து, இரண்டு தடவை லேசாகத் தேய்த்து விரலால் அழுத்தினால் சிறிது நேரத்திலேயே பிடித்துக்கொள்ளும். கிளாம்பே வேண்டாம். வஜ்ஜிரத்தை 60 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்திருக்க வேண்டும், அதற்கு மேல் கொதித்தால் வலு போய்விடும். வெள்ளை பி.வி.ஏ. பசை சுலபம்தான், ஆனால் வெயில் காலத்தில் நிரந்தர இழுவையின் கீழ் அது மெல்ல நழுவும். பிரிட்ஜை ஒட்ட அதைப் பயன்படுத்த வேண்டாம்.

பாலிஷில் இரண்டு வழி: அரக்கு, அல்லது தெளிக்கும் லேக்கர். லேக்கருக்கு ஸ்ப்ரே கன், முகமூடி, காற்றோட்டமான தனியறை வேண்டும். சீக்கிரம் கிடைக்கும் பளபளப்பும் நீண்ட நாள் தாங்குவதும் அதன் பலம். ஆனால் சரியாகக் கை வராதவர் அடித்தால் படலம் தடித்து மெல்லிய மேல்பலகையின் வாயைக் கட்டிவிடும். அரக்கு நம் நாட்டுப் பொருள். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து கிடைப்பதுதான் ஸ்பெயினின் கிரனாடா நகரப் பட்டறைகளிலும் பழைய பாலிஷாக இருந்துவருகிறது. மெழுகு நீக்கிய அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைப் பருத்தித் துணியில் சுருட்டிய பொட்டலத்தால், ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, எட்டுப் போடுவதுபோலத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். பலகைமேல் பொட்டலம் ஒரு நொடி நின்றாலும் ஒட்டிக்கொண்டு, முந்தைய படலத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். நம் ஊர் வியர்வைக்கு இது பலவீனமானதுதான். முன்கை படும் ஓரம் ஓராண்டிலேயே மங்கலாம். ஆனால் மங்கிய இடத்தில் மட்டும் மறுபடி தேய்த்தால் பழையபடி ஆகிவிடும், லேக்கரில் அது அவ்வளவு எளிதல்ல. மேல்பலகைக்கு அரக்கைத் தவிர வேறெதையும் நான் போட மாட்டேன். பின்னுக்கும் பக்கங்களுக்கும் உறுதியான வார்னிஷ் போட விரும்பினால் போடலாம், ஓசைக்கு ஒன்றும் குறையாது.

அலங்காரத்துக்கு வருவோம். ஒலித்துளையைச் சுற்றிய ரோசெட்தான் கிட்டார் செய்பவரின் கைத்திறனைக் காட்டும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். வண்ணம் தோய்த்த மெல்லிய மரக்குச்சிகளைக் கட்டுக்கட்டாக ஒட்டி, குறுக்கே சீவி, சிறு சதுரங்களாக அடுக்கும் மொசைக் வேலை அது. அருமையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓசைக்கு அது ஒன்றும் செய்வதில்லை. ஒலித்துளையின் விளிம்புக்குப் பலம் தருவது உள்ளே ஒட்டும் மெல்லிய மர வளையம். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளியே கரிய மரத்தில் இரண்டு அல்லது மூன்று வட்டக் கோடுகள் போதும். கோடு இழைவாகவும் ஒரே ஆழத்திலும் இருந்தால் அதைவிட அழகு எதுவும் வேண்டாம். பின்பலகையின் நடு இணைப்பில் ஓடும் வண்ணப் பட்டை, கழுத்தின் நடுக்கோடு, பிரிட்ஜின் மேல் பதிக்கும் எலும்பு, சிப்பி எல்லாம் விட்டுவிடலாம்.

விடக் கூடாதது ஓரப் பட்டை. மேல்பலகையின் விளிம்பில் ஸ்ப்ரூஸின் நார் முனைகள் திறந்தே கிடக்கும். ஈரம் வேகமாக ஏறுவதும் இறங்குவதும் அதன் வழியாகத்தான், பிளவு எளிதில் தொடங்குவதும் அங்கேதான். சைப்ரஸின் மூலையோ ஒரு நாற்காலியில் இடித்தாலே நசுங்கும். அதனால் ஈட்டியோ வேறு கடினமான கரிய மரமோ ஒற்றைப் பட்டையாக ஓரம் முழுக்க ஓட வேண்டும். அதன் உள்ளே பச்சை, சிவப்பு, வெள்ளை என்று அடுக்கும் நூல் கோடுகள்தான் வேண்டாதவை. அதேபோலத் தட்டுப் பலகையான கோல்பியாதோரும் அலங்காரமில்லை. அது இல்லாவிட்டால் நகம் முதலில் அரக்கையும் பிறகு ஸ்ப்ரூஸையும் தோண்டிவிடும். பழைய தடித்த வெள்ளைத் தகட்டைவிட இப்போது கிடைக்கும் மெல்லிய ஒளிபுகும் தகடு நல்லது, மேல்பலகையைக் குறைவாகவே அமுக்குகிறது. தந்திகளின் இரு புறமும் ஒட்டுவதா, கீழ்ப்புறம் மட்டுமா என்பதை வாசிப்பவரின் கைதான் முடிவு செய்ய வேண்டும். கட்டை விரலாலும் தட்டுகிறவருக்கு இரு புறமும் வேண்டும்.

தலையின் உச்சி வடிவம் செலவே இல்லாத கையொப்பம். கொந்தே பட்டறையின் அரைநிலா வெட்டு தூரத்திலிருந்தே தெரியும். ஒரு உளியும் ஒரு மாலை நேரமும் போதும், உங்களுக்கென்று ஒரு வளைவை வெட்டிக்கொள்ளுங்கள். பிறர் வடிவத்தை மட்டும் எடுக்க வேண்டாம்.

தந்தி நீளத்தில் 650 மில்லிமீட்டரில் நிற்பதா, 660க்குப் போவதா என்று சிலர் மிகவும் யோசிப்பார்கள். நீளம் கூடினால் இழுவை கூடி ஓசை விறைப்பாகும், விரல் அகலம் தாண்ட வேண்டியதும் கூடும். மூன்றாம் ஹோசே ராமிரெஸ் 664 வரை போனவர். சராசரிக் கைக்கு 650 அல்லது 655 எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊரில் வேலை செய்பவருக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு ஒன்று இருக்கிறது: பட்டறைக் காற்றின் ஈரப்பதம். பட்டைகளையும் பின்பலகையையும் ஒட்டும்போது அறையில் 45 முதல் 50 சதவீதம்தான் இருக்க வேண்டும். இங்கே பல மாதங்கள் 70ஐத் தாண்டியே நிற்கும். ஊதிய பலகையை அப்படியே ஒட்டிவிட்டால், பின்னால் ஏசி அறைக்கோ வறண்ட ஊருக்கோ போகும்போது அது சுருங்கும். பட்டைகள் விடாது பிடித்திருப்பதால் நடுவில் பிளக்கும். ஈரம் உறிஞ்சும் டீஹியுமிடிஃபையர் ஒன்று வாங்கிச் சிறிய அறையில் வைப்பது, மொசைக் ரோசெட்டுக்குச் செலவிடுவதைவிட எவ்வளவோ மேல். சைப்ரஸும் ஸ்ப்ரூஸும் வந்து சேர்ந்ததும் இழைக்கத் தொடங்காமல், இடையில் குச்சி வைத்து அடுக்கி, அந்த அறையிலேயே சில மாதங்கள் நிறுத்தி வையுங்கள். அவ்வப்போது எடை போட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தால், எடை இறங்குவது நின்றதும் பலகை தயார். அதற்குள் சோலேராவைச் செய்து முடித்துவிடலாம், பிரடைகளையும் ரீமரையும் வரவழைத்துவிடலாம்.